வெஸ்ட்மின்ஸ்டராக நடித்த கோயில்கள்

முதல் நாள்: லண்டன்

"ராணிக்குக் கல்யாணம் நடந்த அந்த சர்ச்சுக்குப் போகணும்" என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த சர்ச் என்பதில்தான் சிக்கல். எலிசபெத் இளவரசிக்கும் பிலிப்புக்கும் 1947 நவம்பர் 20 அன்று கல்யாணம் நடந்தது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். அம்மா மனதில் பதிந்திருக்கும் கல்யாணமோ 'தி கிரௌன்' தொடரில் வருவது. அதைப் படமாக்கியது லண்டனுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஈலி என்ற சின்ன ஊரின் பேராலயத்தில்.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ ரெண்டையும் பாத்துடுவோம்" என்றார். அவ்வளவுதான், பயணம் முடிவாகிவிட்டது. எனக்கு வெகு நாளாக ஆசையிருந்த லிங்கன் பேராலயத்தையும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் ஈலி மாதிரியே சினிமாவில் வெஸ்ட்மின்ஸ்டராக வேடம் போட்ட கோயில். ஆறு நாள். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இன்று நிஜ வெஸ்ட்மின்ஸ்டர். மூன்றாம் ஹென்றி 1245-இல் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு பிரெஞ்சுப் பாணியில் கட்டத் தொடங்கியது. கூரை 31 மீட்டர் உயரம், அகலமோ குறைவு. அதனால் இருக்கும் உயரத்தைவிட இன்னும் உயரமாகத் தெரிகிறது. கூர்முனை வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக மேலே இழுத்துக்கொண்டு போகின்றன. கோதிக் கட்டடக் கலையின் அடிப்படை அந்தக் கூர்முனைதான். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூர்முனை வளைவு அதைப் பெருமளவு கீழே இறக்கிவிடும். அதனால் சுவரை மெலிதாக்கலாம், ஜன்னலைப் பெரிதாக்கலாம்.

ஆனால் உள்ளே போன அம்மா முதலில் கவனித்தது வளைவை அல்ல, நெரிசலை. ஆட்களின் நெரிசல் இல்லை, சிலைகளின் நெரிசல். 3,300 பேருக்கு மேல் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் அல்லது நினைவுகூரப்படுகிறார்கள். சுவரெல்லாம் பளிங்கு மனிதர்கள். "டிவில இப்படி இல்லையே, வெறிச்சுனு பெரிசா இருந்ததே" என்றார். அம்மாவின் கண் தப்பவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பொதுவாகக் கதைப் படங்களுக்குத் தன்னைத் தருவதில்லை. தினமும் ஆராதனை நடக்கும் இடம், அரச குடும்பத்தின் கோயில். அதனால் அபே வரும் காட்சி எழுதினால் வேறு கோயில் தேட வேண்டியதுதான்.

முடிசூட்டு நாற்காலியைப் பார்த்தோம். முதலாம் எட்வர்ட் 1300-ஐ ஒட்டிச் செய்யச் சொன்னது. பக்கத்துப் பள்ளிப் பையன்கள் கத்தியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் 1800-இல் ஒரு ராத்திரி இதிலேயே தூங்கியதாகவும் செதுக்கியிருக்கிறான்.

இன்று நான் தெரிந்துகொண்டவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. எலிசபெத்தின் 1953 ஜூன் 2 முடிசூட்டு விழாவுக்காக இந்த அபேயை அந்த வருட ஆரம்பத்திலேயே மூடிவிட்டார்கள். சாதாரணமாக இரண்டாயிரம் பேர் உட்காரும் இடம். எட்டாயிரம் பேருக்கு மேல் உட்கார அடுக்கடுக்காக மேடைகள் கட்டினார்கள். தூண்களும் கல்லறைகளும் அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோயின. வாசலில் தற்காலிகமாக ஒரு முன்கட்டடமே எழுப்பினார்கள். டிவி கேமராக்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். ராணிக்கு எண்ணெய் பூசும் சடங்கை மட்டும் விதானத்துக்கு அடியில் மறைத்து, கேமராவுக்குக் காட்டாமல் விட்டார்கள்.

அப்படியானால் நிஜ விழாவுக்கே ஒரு செட் போடப்பட்டிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நாளை ஈலி போகிறேன்.

இரண்டாம் நாள்: ஈலி

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். கேம்பிரிட்ஜ் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. ஃபென்ஸ் என்ற பழைய சதுப்பு நிலம். பதினேழாம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி வடிய வைத்தார்கள். அதற்கு முன் ஈலி நிஜமாகவே ஒரு தீவு. ஊர்ப் பெயரே விலாங்கு மீனிலிருந்து வந்தது என்று எட்டாம் நூற்றாண்டிலேயே பீட் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். கோயில் கட்டுவதற்கான கல்லை பார்னாக் சுரங்கத்திலிருந்து எடுக்க, இந்த மடத்துத் துறவிகள் வருடத்துக்கு 8,000 விலாங்கு மீன்களைக் கொடுத்தார்களாம். அம்மாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சதுப்புக்காரர்களிடம் வேறு என்ன இருக்கும் கொடுக்க?

ரயில் ஜன்னலிலேயே பேராலயம் தெரிந்துவிட்டது. தட்டை வயல்களுக்கு மேலே நிற்கும் இதை 'ஃபென்ஸின் கப்பல்' என்பார்கள். படத்தில் பார்த்தபோது மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால் வேறு எப்படிச் சொல்வது என்று தோன்றவில்லை.

எதெல்ட்ரெடா என்ற அரசி 673-இல் இங்கே ஒரு மடம் தொடங்கினார். இப்போதைய கட்டடம் 1080-களில் ஆரம்பமானது. 1109-இல் பேராலயமானது. மொத்த நீளம் 164 மீட்டர்.

உள்ளே நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டார். நீள்கூடத்தில் அன்று நாற்காலிகள் கொஞ்சம்தான் போட்டிருந்தார்கள். வெறும் கல் தரை கண்ணுக்கு எட்டும் தூரம் வரை ஓடுகிறது. "இதுதான், இதுதான்" என்றார். டிவியில் பார்த்த 'வெறிச்சுனு பெரிசா' இதுதான்.

சில நிமிடம் கழித்து நான் வளைவுகளைக் காட்டினேன். நேற்று பார்த்தது கூர்முனை. இங்கே நீள்கூடத்தில் மூன்று அடுக்கிலும் அரைவட்டம். ஏனென்றால் இந்தப் பகுதி கோதிக்குக் கொஞ்சம் முந்திய நார்மன் காலத்து வேலை. கூரையும் கல் இல்லை. மரப்பலகையில் ஆதாமில் தொடங்கி வேதாகமக் கதைகளை வரைந்திருக்கிறார்கள், அதுவும் 1858 முதல் 1865 வரை. ஹென்றி லெ ஸ்ட்ரேஞ்ச் என்பவர் ஆரம்பித்தார், அவர் இறந்துபோனதும் நண்பர் கேம்பியர் பேரி முடித்தார். ஆக இந்தக் கூடம் வெஸ்ட்மின்ஸ்டராக வேடம் போட்டால், மேலே பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும். டியூடர் கால அரண்மனையாக வேடம் போட்டாலும் விக்டோரியா காலக் கூரை தலைக்கு மேலே நின்று காட்டிக்கொடுக்கும்.

"அப்போ ஏமாத்துறாங்கதானே?" என்றார் அம்மா.

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க, இன்னொண்ணு இருக்கு" என்று கூடத்தின் நடுப்பகுதிக்கு அழைத்துப் போனேன்.

1322 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இங்கே நின்ற நடுக்கோபுரம் அப்படியே உள்ளே சரிந்தது. சத்தத்தைக் கேட்ட துறவிகள் நிலநடுக்கம் என்று நினைத்தார்களாம். மடத்தின் பொருள்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆலன் ஆஃப் வால்சிங்ஹாம் இடிபாட்டைப் பார்த்து முதலில் மனம் உடைந்துபோனார். அப்புறம் யாரும் செய்யாததைச் செய்தார். விழுந்த நான்கு தூண்களைத் திரும்ப நிறுத்தாமல், அந்த மூலைகளைத் திறந்துவிட்டு, எட்டுத் தூண் வைத்து எட்டு முகமாக இடத்தை அகலப்படுத்தினார். அந்த அகலத்தைக் கல்லால் மூடுவது நடக்காத காரியம். அதனால் அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி வந்து, சுமார் 19 மீட்டர் நீளமுள்ள எட்டு கருவாலி மரங்களை நிறுத்தி, அதன் மேல் ஒரு விளக்குக்கூண்டைத் தூக்கி வைத்தார். 1342 வாக்கில் வேலை முடிந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் இறங்கிவந்து பாதியில் நின்றுவிட்டது போலிருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் 170 படி ஏறினேன். வெளியே பார்ப்பதற்குக் கல்லாகத் தெரிவதெல்லாம் உள்ளே மரம். மேலே கூண்டைச் சுற்றித் தேவதைகள் வரைந்த பலகைகள் இருக்கின்றன. வழிகாட்டி ஒரு பலகையைக் கதவு போலத் திறந்தார். தேவதையின் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். எண்ணெய்ப் பச்சைச் சேலையில் அம்மா ஒரு புள்ளி. கையை ஆட்டினேன். அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து ஆட்டினார்கள்.

கூண்டின் உச்சியில், நடு மையத்தில், மரத்தில் செதுக்கிய கிறிஸ்து இருக்கிறார். ஜான் ஆஃப் பர்வெல் என்பவர் செதுக்கியது. கூலி இரண்டு ஷில்லிங், சாப்பாடு மடத்தில். கணக்கு இன்னும் இருக்கிறது.

இப்படி ஒன்றை வைத்திருக்கும் கோயிலை, வேறு ஒரு கோயிலாக நடிக்கச் சொல்கிறார்களே என்று இறங்கும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

மூன்றாம் நாள்: ஈலி

காலையில் கோயிலைச் சுற்றிக்காட்டும் தன்னார்வலர் ஒருவரிடம் படப்பிடிப்பு பற்றிக் கேட்டேன். ஓய்வுபெற்ற பெரியவர். நேற்றைய வருத்தத்தையும் அவரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எங்களை நீள்கூடத்தின் ஓரத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரை ஒட்டி நின்ற ஓர் இரும்புப் பூதத்தைக் காட்டினார். வட்டமாக, சுற்றிலும் செதில் செதிலாக, உச்சியில் ஒரு கிரீடத்தோடு. கர்னி ஸ்டவ் என்ற விக்டோரியா காலத்து அடுப்பு. கோயிலைச் சூடாக்குவதற்கு வைத்தது. இடைக்காலக் கதை எடுக்க வருகிறவர்களுக்கு முதல் தலைவலி இதுதானாம். நகர்த்த முடியாது, மறைக்க வேண்டும். முன்னால் ஒரு திரை, ஒரு கொடி, அல்லது தடித்த பிரபு ஒருவர்.

அப்புறம் அம்மாவும் நானும் அதையே ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு மூலையிலும் எதையெல்லாம் மறைக்க வேண்டும்? அவசர வழிப் பலகை. தீயணைப்பான். ஒலிபெருக்கி. தூணில் ஓடும் ஒயர். காணிக்கைப் பெட்டியில் இருக்கும் கார்டு மெஷின். பெரியவர் இன்னும் சொன்னார்: கல்லில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது. செட்டின் எந்தத் துண்டும் தன் காலிலேயே நிற்க வேண்டும். கனமான தள்ளுவண்டி வந்தால் தரைக்கு முதலில் பலகை விரிக்க வேண்டும். மெழுகுவத்திகள் நூற்றுக்கணக்கில் எரியும் காட்சி என்றால் மெழுகு சொட்டுவதையும் புகையையும் கண்காணிக்கத் தனியாக ஆள். பகல் வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே கிரேனில் பெரிய விளக்குகளைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே பாய்ச்சுவார்கள். உள்ளே உயரத்தில் விளக்கு தொங்கவிட இடமில்லாத இடத்தில், ஹீலியம் நிரப்பிய பலூனுக்குள் விளக்கை வைத்து மிதக்கவிடுவார்கள். எண்கோணத்துக்கு அடியில் ஒரு நிலா மிதப்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஏன் ஈலியைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் எளிமையானவை. இங்கே நிலையாகப் பதித்த நீள்பெஞ்சு கிடையாது, நாற்காலிகள்தான். ஒரு மணி நேரத்தில் கூடம் காலி. வெஸ்ட்மின்ஸ்டர் போலச் சுவரெல்லாம் பளிங்கு மனிதர்கள் இல்லை. லண்டன் பக்கத்தில். ஊர் சிறியது, வெளியே போக்குவரத்துச் சத்தம் குறைவு.

"எங்களுக்கு அதனால் கூரை நிற்கிறது" என்றும் சொன்னார். இங்கிலாந்தின் பேராலயங்களை அன்றாடம் நடத்த அரசு பணம் தருவதில்லை. டிக்கெட், காணிக்கை, கடை, நன்கொடை, வாடகை என்று அவையே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு வார ஷூட்டிங் என்பது சில ஜன்னல்களின் ஈயமும் கண்ணாடியும்.

எனக்குப் புதிதாக இருந்தது இது: 2010-இல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தில் ஆறாம் ஜார்ஜ் தன் முடிசூட்டுக்கு ஒத்திகை பார்க்கும் அபே இந்த ஈலிதான். ஆறு வருடம் கழித்து அவர் மகள் எலிசபெத்தின் கல்யாணமும் முடிசூட்டும் 'தி கிரௌன்' தொடருக்காக இங்கேயே நடந்தன. அப்பாவுக்கும் மகளுக்கும் நிஜத்தில் முடிசூட்டியது ஒரே கோயிலில், 1937-லும் 1953-லும். கதையிலும் ஒரே கோயில்தான், வேறு கோயிலாக இருந்தாலும். அம்மா இதைக் கேட்டு, "பரவாயில்லயே, குடும்பக் கோயில் ஆயிடுச்சு" என்றார்.

மத்தியானம் லேடி சேப்பல். பிரதான கட்டடத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் பெரிய மண்டபம். 1349-இல் முடிந்தது, கொள்ளை நோய் இங்கிலாந்தை அழித்துக்கொண்டிருந்த அதே காலம். சுவரைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சிலைகள், அலை அலையாக வளைந்த கல் விதானங்கள். ஒரு சிலைக்கும் தலை இல்லை. மதச் சீர்திருத்தத்தின்போது 1541-இல் பிஷப் குட்ரிச் உத்தரவு போட்டார், உடைத்தார்கள். வண்ணக் கண்ணாடி போய் வெறும் கண்ணாடி. வெளிச்சம் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே கொட்டுகிறது.

குனிந்து பார்த்தால் கல் இடுக்குகளில் சிவப்பும் பச்சையும் நீலமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த மண்டபம் முழுக்கப் பளீரென்று வண்ணம். இங்கே எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் படம் என்றாலே சாம்பல் நிறக் கல்லையும் மங்கலான வெளிச்சத்தையும் காட்டுகிறார்கள். நாம் அதுதான் பழமை என்று நம்பிவிடுகிறோம். சாம்பல் நிறம் உடைத்தவர்களும் வெள்ளையடித்தவர்களும் காலமும் விட்டுவைத்தது. 1530-இல் நடக்கும் கதையை இந்த மண்டபத்தில் எடுத்தால் சிலைகளுக்குத் தலை இருக்க வேண்டும், உதடு சிவந்திருக்க வேண்டும். உடைந்ததையே காட்டிக்கொண்டிருந்தால், உடைக்கப்பட்டது என்பதே மறந்துபோகும்.

மண்டபத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அம்மா சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டவர். என்னைப் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு ஸட்ஜம் பிடித்தார். நிறுத்தினார். ஸட்ஜம் நிற்கவில்லை. கூரையெல்லாம் போய்த் திரும்பி வந்து, அம்மாவைச் சுற்றி ஐந்தாறு விநாடி நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் வசனம் பதிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது புரிந்தது. ஒரு வார்த்தை முடியுமுன் அடுத்த வார்த்தை அதன் மேல் ஏறிவிடும். அதனால்தான் பல காட்சிகளுக்குக் குரலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதே எதிரொலிக்காகவே ஈலியைத் தேடி வந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் 1973-இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு மாலர் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனியை இங்கே நடத்தினார். அதைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2022-இல், அவர் வாழ்க்கையைப் படமாக்கிய பிராட்லி கூப்பர் 'மேஸ்ட்ரோ'வுக்காக அதே ஆர்க்கெஸ்ட்ராவை அதே கோயிலுக்கு அழைத்து வந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் தானே நடத்தினார். அந்தக் காட்சியில் ஈலி வேடம் போடவில்லை. ஈலியாகவே வருகிறது. நேற்றைய வருத்தம் எனக்கு இங்கே தீர்ந்தது.

மாலை ஆராதனைக்கு உட்கார்ந்தோம். பாடகர் குழுவின் குரல் மட்டும். பாதியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஷூட்டிங் நாள்களிலும் இந்த ஆராதனையை விடக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள்: ஈலியிலிருந்து லிங்கன்

இன்று முழுக்கப் பயணம். பீட்டர்பரோவில் வண்டி மாற வேண்டும். போக வேண்டிய ரயில் ரத்தாகி ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில். அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்தார். பிறகு ஸ்பால்டிங், ஸ்லீஃபோர்ட் வழியாக வடக்கே. மழை.

லிங்கனில் பேராலயம் மேட்டின் உச்சியில். ஊர் அடிவாரத்தில். நடுவில் 'ஸ்டீப் ஹில்' என்று பெயர் வைத்த தெரு, பெயருக்கு ஏற்ற செங்குத்து. அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டாம் என்று டாக்ஸி பிடித்தோம். இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் மூன்று கோபுரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் நாளை.

ஐந்தாம் நாள்: லிங்கன்

காலையில் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். மேற்கு முகப்பு ஒரு சுவர் மாதிரி அகலமாக நிற்கிறது. கீழ்ப்பகுதி பழையது. ரெமிஜியஸ் பிஷப் 1072-இல் தொடங்கி, 1092-இல் பிரதிஷ்டை ஆனது. 1185-இல் நிலநடுக்கத்தில் பெரும்பகுதி இடிந்தது. பிரான்ஸிலிருந்து வந்த ஹ்யூ என்ற பிஷப் 1192-இல் திரும்பக் கட்டத் தொடங்கினார். நடுக்கோபுரத்தின் மேல் ஒரு காலத்தில் மர ஊசிக் கோபுரம் இருந்தது. 160 மீட்டர் உயரம் என்பார்கள். அந்தக் கணக்குப்படி 1311-இல் எகிப்தின் பெரிய பிரமிடைத் தாண்டி உலகின் உயரமான கட்டடமானது. 1548-இல் காற்றில் விழுந்தது, திரும்ப வைக்கவில்லை. இப்போது 83 மீட்டர்.

உள்ளே இது முழுக் கோதிக். ஈலியில் வட்டமாக இருந்த வளைவு இங்கே கூர்மையாகிவிட்டது. தூணைச் சுற்றிக் கறுப்புப் பளபளப்பான பர்பெக் கல் குச்சிகள் ஓடுகின்றன. கூரையில் கல் வரிகள் பனை ஓலை போல விரிந்து, நடுவில் ஓடும் ஒரு நெடுங்கோட்டில் சேர்கின்றன. பாடகர் பகுதிக்கு மேலே மட்டும் அந்த வரிகள் ஒன்றுக்கொன்று நேராகச் சந்திக்காமல் விலகி விலகி ஓடுகின்றன. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. கோலத்தில் ஒரு புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைத்த கை தெரிகிறது.

இந்தக் கோயில் போட்ட வேடங்களைச் சொல்கிறேன். 2007 செப்டம்பரில் 'தி யங் விக்டோரியா'வுக்காக வெஸ்ட்மின்ஸ்டர். 2018-இல் 'தி கிங்' படத்துக்காக மறுபடியும் வெஸ்ட்மின்ஸ்டர். 2023-இல் வெளியான ரிட்லி ஸ்காட்டின் 'நெப்போலியன்' படத்தில் பாரிஸின் நோத்ர தாம்.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை இங்கே இழுத்தது. நிஜ நோத்ர தாம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. 2024 டிசம்பர் வரை திறக்கவில்லை. படம் எடுத்தபோது அங்கே போக வழியே இல்லை. லிங்கன் அதற்கு நின்றது. கட்டடத்தைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நோத்ர தாமின் நீள்கூடத்தில் தடித்த உருண்டைத் தூண்கள். லிங்கனில் இந்த மெல்லிய கறுப்புக் குச்சிகள். கூரையின் நடுவே ஓடும் நெடுங்கோடும் அங்கே கிடையாது.

ஆனால் 1804 டிசம்பர் 2 அன்று நெப்போலியன் உள்ளே நுழைந்தபோது நிஜ நோத்ர தாம் எப்படி இருந்தது? பெர்சியே, ஃபோன்டேன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் அதற்கு ஒரு பெரிய செட் போட்டிருந்தார்கள். வாசலில் மரத்தாலும் அட்டையாலும் ஒரு கோதிக் முகப்பு. உள்ளே பழைய தூண்களை மறைத்துத் துணியும் வண்ணம் பூசிய அட்டையும் தொங்கவிட்டு, ரோமானியக் கோயில் மாதிரி ஆக்கினார்கள். புதுப் பேரரசருக்குப் பழைய ராஜாக்களின் சாயல் வேண்டாம், சீசரின் சாயல் வேண்டும். அதன் பிறகு டேவிட் என்ற ஓவியர் அந்த விழாவைப் பிரம்மாண்டமாக வரைந்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நெப்போலியனின் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அந்த விழாவுக்குப் போகவே இல்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, பதில் சொல்லத் தெரியாமல் விட்டிருந்த ஈலிக் கேள்வியை அவரே எடுத்தார். "நடந்ததே வேஷம்தான். அத வரைஞ்சதும் வேஷம். அப்போ இவங்க எடுத்ததுல மட்டும் என்னடி தப்பு?"

தப்பில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. தப்பு வேறு இடத்தில் நடக்கிறது: படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து, 'எந்த இடத்தில் எடுத்தார்கள்' என்று மட்டும் கேட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது. காலையில் அப்படி ஒரு கூட்டம் வந்து பத்து நிமிடத்தில் போனது. அவர்கள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே ஏஞ்சல் கொயர். 1256-இல் தொடங்கி 1280-இல் முடித்தது, கல் தேவதைகள் யாழும் குழலுமாக வரிசையாக இருக்கும் இடம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர்கள் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

விக்டோரியாவின் முடிசூட்டை இந்தக் கூடத்தில் நினைத்துப் பார்த்தேன். நிஜத்தில் 1838 ஜூன் 28 அன்று அது ஐந்து மணி நேரம் இழுத்தது. சரியான ஒத்திகை இல்லை. ஆர்ச்பிஷப் மோதிரத்தைத் தவறான விரலில் அழுத்திப் போட்டுவிட்டார், கழற்றுவதற்கு ராணி பட்ட பாடு அவர் டைரியில் இருக்கிறது. வயதான ரோல் பிரபு வணங்க ஏறும்போது படியில் உருண்டு விழ, பத்தொன்பது வயது ராணி எழுந்து அவரை நோக்கி இறங்கி வந்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

மத்தியானம் சாப்டர் ஹவுஸ், பத்து முகம் கொண்ட கல் மண்டபம். நடுவில் ஒரே தூண், அதிலிருந்து கூரை முழுக்கக் குடை போல விரிகிறது. வெளியே தாங்கு வளைவுகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. முதலாம் எட்வர்ட் 1301-இல் இந்த ஊரில்தான் பாராளுமன்றத்தைக் கூட்டினார். முதல் நாள் பார்த்தோமே, பையன்கள் கீறிய நாற்காலி, அதே எட்வர்ட்.

2005 ஆகஸ்டில் 'தி டாவின்சி கோட்' படத்துக்காக இந்த மண்டபம் வெஸ்ட்மின்ஸ்டரானது. அபே அந்தக் கதையின் இறையியலை ஏற்க முடியாது என்று மறுத்திருந்தது. லிங்கன் சம்மதித்தது. பேராலயத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. சுவரில் நேரடியாக வரையாமல், மேலே தனியாக ஓர் அடுக்கு போட்டு, அபேயில் இருப்பது போன்ற ஓவியங்களைத் தீட்டினார்கள். 'கிரேட் டாம்' என்ற பெரிய மணி, படப்பிடிப்பு நேரத்தில் ஒலிக்காமல் நிறுத்தப்பட்டது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் முறையாக. வெளியே ஒரு கன்னியாஸ்திரி பன்னிரண்டு மணி நேரம் மண்டியிட்டு ஜெபித்து எதிர்ப்புத் தெரிவித்தார். நியூட்டன் கல்லறைக் காட்சியை இங்கேதான் எடுத்தார்கள். நியூட்டன் பிறந்தது இதே லிங்கன்ஷயரில். லண்டனில் அடக்கமானவர், ஒரு வாரத்துக்கு ஊர் திரும்பியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கன்னியாஸ்திரியையும் புரிகிறது, சம்மதித்தவர்களையும் புரிகிறது. ஜெபிக்கும் இடத்தை எந்தக் கதைக்குத் தருவது என்பது கணக்கு மட்டும் பார்த்து முடிவு செய்யும் விஷயமில்லை. அதே நேரம், இந்தக் கூரையிலிருந்து மழை ஒழுகினால் ஜெபிக்க இடம் இருக்காது.

நான்கு மணிக்கு கிரேட் டாம் அடித்தது. அம்மா எண்ணினார்.

ஆறாம் நாள்: லிங்கன், திரும்பும் வழி

காலையில் ஒரு மணி நேரம் மட்டும் இருந்தது. கிழக்குப் பக்கமாக வெளியே சுற்றி வந்தோம். சாரம் கட்டிய ஒரு பகுதி. லிங்கன் பேராலயத்துக்குச் சொந்தமாகக் கல் தச்சர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் தச்சர்களும் இருக்கிறார்கள். இங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லையே செதுக்கி வைக்கிறார்கள். புதிதாக மாற்றிய கற்கள் தேன் நிறத்தில், பழைய கற்களுக்கு நடுவே பால்பல் போலத் தெரிந்தன. அம்மா கையெட்டும் உயரத்தில் இருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது.

இப்போது லண்டன் ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா எதிர் இருக்கையில், போனில் அந்தக் கல்யாணக் காட்சியை மறுபடி போட்டிருக்கிறார். மணமகள் கூடத்தில் நடந்து வரும் இடத்தில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினார்.

"பாரு, வளைவு வட்டமா இருக்கு. ஈலி." பிறகு திரையை விரலால் பெரிதாக்கி, ஓரத்தில் வரிசையாக நின்ற பிரமுகர்களைக் காட்டினார். "இந்த ஆளுக்குப் பின்னாலதான் அந்தக் கறுப்பு அடுப்பு இருக்கணும்."